கொடிக்கு இரண்டு பேர்

மண்டல ஆணையர் சிதி லஸாத், அதாவது லஸாத் ஐயா, சாரணர் பாசறைக்கு வந்தபோது கூடவே ஒரு ஜெனரேட்டரும் வெள்ளைத் திரையும் வந்து இறங்கின. அதைப் பார்த்ததுமே பூசாலம் குழுத் தலைவி தலெந்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துனிசியாவின் ஐன் திராஹம் காட்டில், கார்க் மரங்களுக்கு நடுவே, அவள் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து கோடைதோறும் பாசறை போடுகிறார்கள். நல்ல சேதி சொல்ல வந்த மனுஷர் யாரும் இதுவரை திரை கட்டிச் சொன்னதில்லை.

எட்டு ஊர்ச் சாரணர் குழுக்களும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது போட்டுச் சிவக்கச் சிவக்கக் கிளறிய மக்ரோனியை வயிறு முட்டத் தின்றுவிட்டு, கண் சொக்கி உட்கார்ந்திருந்தன. திரையில் முதல் படம் வந்தது. சொக்கல் கலைந்தது.

"இந்த வருஷத்துலேருந்து உறுப்பினர் கட்டணம் தலைக்கு நாப்பத்தஞ்சு தினார்" என்றார் ஆணையர்.

"போன வருஷம் பத்துதானே சிதி?" என்றாள் தலெந்தா.

"காப்பீடு இருக்கு, அடையாள அட்டை இருக்கு, புதுசா ஒரு செயலி இருக்கு. எல்லாம் போன்லயே பாத்துக்கலாம்."

"எங்க பிள்ளைங்ககிட்ட போன் கிடையாதே. அவங்க எதுல பாக்கறது?"

ஆணையர் அடுத்த படத்துக்குப் போனார். புதுப் பாடத்திட்டம். நேர மேலாண்மை, இணைய நாகரிகம், தலைமைப் பண்பு என்று மூன்று வகுப்புகள் சேர்ந்திருந்தன. காவல் முறையும் கொடி பிடிக்கும் விளையாட்டும் 'கல்விப் பயன் இல்லாதவை' என்று நீக்கப்பட்டிருந்தன. கட்டணத்துக்கு முனகியது பெரியவர்கள் மட்டும்தான். இதற்குப் பிள்ளைகள் மொத்தப் பேரும் ஊளையிட்டார்கள்.

ஊளையிடாமல் என்ன செய்வார்கள்? கொடி பிடிப்பதற்காகத்தானே பாதிப் பேர் பாசறைக்கே வருகிறார்கள். அடுத்த குழுவின் கொடியைப் பகல் வெளிச்சத்தில், காவல்காரன் கை மேலே படாமல் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட வேண்டும். கை பட்டால் நீ கைதி, அன்றைக்குப் பாத்திரம் பூராவும் உன் தலையில். கொடியைப் பறிகொடுத்தவர்கள், பிடித்தவர்கள் கேட்கும் மீட்பைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். வழக்கமாக ஒரு பெட்டி சோடா, ஒரு தட்டு மக்ரூத் என்ற பேரீச்சம்பழ இனிப்பு. ரொம்பக் கொழுப்பெடுத்தவர்கள் தோற்ற குழுவின் தலைவரைப் பாசறைத் தீயைச் சுற்றி ஆடச் சொல்வார்கள்.

மூன்றாவது படம்தான் தலெந்தாவின் தலையில் இறங்கியது. கடைசி நாள் கொடி இறக்குவதற்குள், கட்டணம் கட்டிய உறுப்பினர் இருபத்து நாலு பேர் இல்லாத குழு பக்கத்து நகரக் குழுவோடு இணைக்கப்படும்.

தலெந்தாவின் பூசாலம் குழுவில் இருப்பதே இருபத்து நாலு பேர்தான். கட்டணம் கட்டியவர்கள் பதினொன்று. வெள்ளம் வந்து வயலைத் தின்றுவிட்டுப் போன ஊர் அது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவன் நூற்று முப்பத்தைந்து தினாருக்கு எங்கே போவான்? நகரக் குழுவோடு இணைத்தால் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போக வேண்டும். பெண் பிள்ளைகளை ஒரு வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். பையன்கள் இரண்டு வாரம் போவார்கள், மூன்றாம் வாரம் காபிக் கடை வாசலில் நிற்பார்கள். இணைப்பு என்று திரையில் போட்டிருந்தாலும் அதன் பெயர் சாவு என்று அவளுக்குத் தெரியும். ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிற வேலை அவளுக்குச் சோறு போட்டது, உண்மைதான். ஆனால் 'நீ யார்' என்று கேட்டால் அவள் வாயில் முதலில் வருவது 'பூசாலம் சாரணத் தலைவி' என்பதுதான்.

கூட்டம் கலைந்ததும் நகரக் குழுத் தலைவன் முன்ஜி வந்தான். டயர் வியாபாரி. மீசையும் தொப்பையும் ஒன்றோடொன்று போட்டி போடும். அவன் குழுவுக்கு நீலக் கழுத்துத் துண்டு, தனியாகப் பேண்டு வாத்தியம்.

"என்ன தலெந்தா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்க? எங்ககிட்ட வந்துடுங்க. உன் பசங்களுக்கு டிரம் அடிக்கக் கத்துத் தரேன்."

"எங்க பசங்க தகர டப்பால தட்டினாலே உன் பேண்டை விட நல்லாயிருக்கும், போ."

"நீலத் துண்டு உனக்கும் எடுப்பாத்தான் இருக்கும்."

"என் கழுத்து நீலமாகணும்னா என்னைப் பாம்பு கடிச்சாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு அவள் கூடாரத்துக்குள் போனாள். உள்ளே போய்த்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம். சில்வண்டுகளைத் தவிர காடே படுத்துத் தூங்கியது. தலைமைக் கூடாரத்திலிருந்து ஆணையரின் குறட்டை கேட்டது. அதன் வாசலில், தங்க நூல் குஞ்சம் வைத்த மண்டலக் கொடி தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அங்க காவலுக்கு ஆளே இல்ல" என்றாள் ருமைஸா. பன்னிரண்டு வயசு, நடந்தால் சருகு சத்தம் போடாது.

"காவலையே எடுத்துட்ட மனுஷன் காவல் எப்படிடி போடுவார்?"

"விளையாட்டையும் எடுத்துட்டாரே. அப்ப நாம எடுத்தா தப்பா?"

தலெந்தா தலைமைக் கூடாரத்தை எட்டிப் பார்த்தாள். நியாயமான கேள்வி. பதிலும் அவ்வளவு சுலபமில்லை.

"முதல்ல கொண்டு வா. தப்பா சரியான்னு அப்புறம் பேசிக்கலாம்."

தேநீர் கொதித்து இறங்குவதற்குள் மண்டலக் கொடி தலெந்தாவின் தடுப்பூசிப் பெட்டிக்குள் மடிந்து படுத்திருந்தது. செவிலியின் பெட்டியைத் திறந்து பார்க்கிற தைரியம் அந்தக் காட்டில் எவனுக்கும் கிடையாது.

சாயங்காலம் ஆணையர் தனியாக வந்தார். தொப்பி கோணலாக இருந்தது.

"மதியம் காத்து பலமா அடிச்சுதோ?"

"இலைகூட அசையல சிதி."

"நாய் கீய் எதுவும்..."

"காட்டுப்பன்னி வரும். ஆனா அதுக்கு முடிச்சவுக்கத் தெரியாது."

ஆணையர் குரலைத் தாழ்த்தினார். "குடுத்துடுங்க தலைவி. இது திருட்டு."

"திருட்டுன்னா புகார் எழுதணுமே. மண்டலக் கொடியை, பட்டப்பகல்ல, ஆணையர் தலைமாட்டுலேருந்து, ஒரு சின்னப் பொண்ணு அவுத்துக்கிட்டுப் போயிட்டான்னு எழுதுவீங்களா? தலைநகர்ல அதைச் சத்தமா வேற வாசிப்பாங்க."

ஆணையர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சின்ன வயசுல நான் ஒரு கொடிகூடப் பறிகுடுத்ததில்ல, தெரியுமா?"

"விளையாட்டுன்னா கதையே வேற. விளையாட்டுல ஆணையரும் தோக்கலாம், சிரிச்சு மறந்துடுவாங்க. ஆனா அந்த விளையாட்டுதான் இப்ப இல்லாமப் போச்சே" என்று தலெந்தா பெருமூச்சு விட்டாள்.

"நீங்க என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். கட்டணம் என் கையில இல்ல. தலைமையகம் போட்டது. சத்தியமா ஒரு தினார் என்னால குறைக்க முடியாது."

அவர் சொல்வது உண்மை என்று முகத்திலேயே தெரிந்தது. அவரும் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டுதான் திரையைத் தூக்கி வந்திருக்கிறார், பாவம்.

"கட்டணத்தைப் பத்தி நான் வாயத் தொறந்தேனா? நாளைக்குக் கொடியேத்தறப்ப எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. விளையாட்டு திரும்ப வந்தாச்சு, பழைய வழக்கப்படி, பிடிச்சவங்க கேக்கறதுதான் மீட்புன்னு. போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

மலிவாகத் தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் ஆணையர் இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு, கொடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை சொன்ன சொல் தவறாமல் அறிவித்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்துபோனது.

அன்றைக்கே பூசாலம் குழு வேலையைத் தொடங்கிவிட்டது. பாதிப் பேர் சொந்தக் கொடியைச் சுற்றி அரண் மாதிரி நிற்க, மீதிப் பேர் காட்டுக்குள் கரைந்தார்கள். பாக்கலோரியா என்ற பள்ளி இறுதித் தேர்வின் மறுதேர்வு முடிவு போனுக்கு வருகிற நாள் அது. மஞ்சள் துண்டுக்காரர்களின் தலைவர், மகளின் முடிவைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். காவல் நின்ற பையனும் கைதட்டப் போனான். குலவை முடிந்தபோது கம்பம் மொட்டையாக இருந்தது.

மகள் தேறிய குஷியில் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன வேணும் தலெந்தா? சோடாவா, மக்ரூதா?"

"எங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்குக் கட்டணம்."

சிரிப்பு நின்றது. "தொண்ணூறு தினாரா? ஒரு துணிக்கா?"

"துணிதானே, வேணாம்னா விடுங்க. சாயங்காலம் மொட்டைக் கம்பத்துக்குக் கீழ நின்னு வணக்கம் வையுங்க."

எட்டுக் குழுவும் பார்க்க மொட்டைக் கம்பத்துக்கு மூன்று விரலை உயர்த்துகிற தலைவர் இன்னும் பிறக்கவில்லை. முணுமுணுத்தபடி தொப்பியைச் சுற்றி அனுப்பினார், காசு சேர்ந்தது. அடுத்த நாள் பச்சைக்காரர்கள், அதற்கடுத்து ஊதாக்காரர்கள். எல்லாம் ஓட்டல்காரர்களும் கடைக்காரர்களும் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள்தான். நாற்பத்தைந்து என்றதும் கொசுக்கடி மாதிரித் தட்டிவிட்டவர்கள்.

தன் குழுவுக்குள்ளேயே தலெந்தாவுக்குக் கலகம் வந்தது. ஆளைத் திசைதிருப்ப விழுந்து அழுகிற வேலையைத் திறம்படச் செய்துவந்த ஸியாத் ஒருநாள் நேராக வந்து நின்றான்.

"அக்கா, ஒரு தடவையாவது சோடா கேளுங்கக்கா. இவ்வளவு உருண்டு அழுதும் ஒரு வாய் சோடா இல்ல."

"சோடா கேட்டா உன் கட்டணத்த யாருடா கட்டறது? நீயே அரைக் கொடிதான்."

ஆணையரும் வந்தார். "இது பணம் பறிக்கறது தலைவி."

"பிடிச்சவங்க கேக்கறதுதான் மீட்புன்னு அன்னிக்கு அறிவிச்சது யாரு சிதி?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். போகிற முதுகு சிரிப்பில் குலுங்கிய மாதிரி அவளுக்குத் தோன்றியது. நேர மேலாண்மை வகுப்பில் அன்று நாற்காலிகள் மட்டும் பாடம் கேட்டன.

கடைசி நாள் விடிந்தபோது ஆறு கொடி முடிந்திருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள், முன்பே கட்டிய பதினொன்றோடு சேர்த்து இருபத்து மூன்று. இன்னும் ஒரே ஒருவர். இன்னும் ஒரே ஒரு கொடி. அது முன்ஜியின் கொடி.

முன்ஜி யாரையும் நம்பவில்லை. கம்பத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொடிக்கயிற்றைத் தன் மணிக்கட்டிலேயே சுற்றிக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தான். ருமைஸா மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பி வந்தாள்.

"அந்த ஆளு கண்ணக்கூடச் சிமிட்டலக்கா."

ஒரு பிள்ளைக்காக இருபத்து மூன்று பிள்ளைகளின் குழுவை இழப்பதா? தலெந்தா சுற்றிச் சுற்றி நடந்தாள். நடக்கும்போது முன்ஜியின் காலைப் பார்த்தாள். பார்த்தவள் நின்றாள். நேராகப் போய் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க வெட்டவெளியில் நடந்தாள்.

"முன்ஜி, முந்தாநாள் துருப்பிடிச்ச கூடார முளைய மிதிச்சியே, ஊசி போட்டுக்கிட்டியா?"

"அதெல்லாம் ஆறிப்போச்சு."

"ஆறல. வீங்கியிருக்கு. நான் பாசறைச் செவிலி, எனக்குப் பொறுப்பு இருக்கு. எழுந்து திரும்பு."

அவள் ஊசியில் மருந்தை ஏற்றி, ஒரு சொட்டை மேலே பீய்ச்சிக் காட்டினாள். லாரி டயரை ஒற்றை ஆளாக உருட்டுகிறவனுக்கு மீசையெல்லாம் வியர்த்தது. நீலத் துண்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"நான்... ஒரு நிமிஷம்... ஓடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று முன்ஜி கயிற்றை அவிழ்த்துப் பக்கத்துப் பையன் கையில் திணித்தான். "இதை விடாதடா!"

அவன் வேக நடையாகப் போனான். தலெந்தா தட்டோடு பின்னால் போனாள். அவன் ஓடினான். தங்கள் தலைவர் ஊசிக்குப் பயந்து ஓடுகிற காட்சி ஆயுசில் இன்னொரு முறை கிடைக்காது என்று நீலப் பிள்ளைகள் மொத்தமாகப் பின்னால் ஓடினார்கள். கயிற்றைப் பிடித்திருந்த பையன் ஒரு நொடி தவித்தான். பிறகு அவனும் ஓடினான்.

ஓடைக்கரையில் முன்ஜி பிடிபட்டான், ஊசியும் போட்டுக்கொண்டான். பேச்சுக்குச் சொன்ன ஊசி இல்லை, உண்மையிலேயே அவனுக்குத் தேவைப்பட்ட ஊசி. திரும்பி வந்தபோது கம்பம் மொட்டை.

கொடி இறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஆணையரின் மேஜைக்கு முன்னால் முன்ஜி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றபடி இரண்டு பேருக்கான பணத்தை எடுத்தான்.

"ஒருத்தருக்குப் போதும்" என்றாள் தலெந்தா.

"என்ன, பழகின தோஷத்துக்குத் தள்ளுபடியா?" முன்ஜி இளித்துக்கொண்டே நாற்பத்தைந்து தினாரை எண்ணி வைத்தான். "யார் பேருக்கு?"

"ருமைஸா."

ஆணையர் எழுதினார், முத்திரை குத்தினார். "பூசாலம் குழு, இருபத்து நாலு பேர். சரியா இருக்கு."

முன்ஜியின் இளிப்பு அப்படியே உறைந்தது. "இருபத்து நாலா? அப்ப இப்ப நான் கட்டினது..."

"அதேதான். கடைசி ஆள்" என்றாள் தலெந்தா. செங்கல் நிறத் துண்டு கட்டிய பூசாலம் பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குதித்தார்கள், ஸியாத் இந்தத் தடவை நிஜமாகவே அழுதான். அவளும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதாள்.

ஆணையர் தொண்டையைக் கனைத்தார். "சந்தோஷம் தலைவி. ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். அடுத்த வருஷம் கட்டணம் எழுபது ஆகும்போலத் தெரியுது."

தலெந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"ஆகட்டும் சிதி. நாங்களும் கொடிக்கு மூணு பேர்னு ஏத்திக்கறோம்."

ஏழு குழுத் தலைவர்களும் ஒரே நேரத்தில் திரும்பித் தங்கள் கொடிக்கம்பங்களைப் பார்த்தார்கள்.