வாகைக் கன்றும் பவுடர் டப்பாவும்

முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். சீட்டுக்கடியில் ஒளிந்தவனை அவன் விடும் மூச்சை வைத்தே பிடித்திருக்கிறேன். நாற்பது லட்சம் பேரையாவது முறைத்திருப்பேன். அப்படிப்பட்ட என்னையே ஒரு பதினைந்து வயசுப் பெண் முறைத்தாள் பாருங்கள், ஓய்வு பெற்றதற்கே அன்றுதான் பலன் கிடைத்தது!

எதிர்வீட்டுப் பெண். அவளுடைய அண்ணன் காய்ச்சலில் போய் ஐந்து மாசம். வீடும் தெருவும் அவனைத் தவளை என்றே கூப்பிடும். ரோட்டுப் பள்ளத்தில் தவிக்கும் தவளைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் குளத்தில் விடுவான். நடைபாதைக் குழியில் ஒரு வாகைக் கன்றும் நட்டிருந்தான். அவன் போனபின் அந்த வீட்டில் யாரும் அவன் பேச்சையே எடுப்பதில்லை. இப்போது கன்றும் மஞ்சளாகி இலை உதிர்த்தது. யாரோ விஷம் ஊற்றுகிறார்கள் என்று தங்கை முடிவு கட்டிவிட்டாள்.

"மாமா, நேத்து செடிகிட்ட என்ன பண்ணீங்க?"

"கொட்டாவி விட்டேன்."

"விளையாடாதீங்க. ஜன்னல் வெயிலை மறைக்கும், பிடுங்குடான்னு அண்ணன்கிட்ட சண்டை போட்டது யாரு?"

நான்தான். ஊன்றுகுச்சியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் நழுவினேன்.

மறுநாள் காலை, குழியைச் சுற்றி நடைபாதையில் ஒரு டப்பா முகப்பவுடரைக் கொட்டி வைத்தாள். எங்கள் தெருவே பிரசவ வார்டு மாதிரி மணத்தது. சாயங்காலம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"பவுடர்ல பதிஞ்ச இந்தக் குச்சி முனை உங்களோடது. மாட்டிக்கிட்டீங்க."

"ஒரே ஒரு சொம்பு தண்ணிம்மா. பயலோட சண்டை போட்டேனே, அந்த உறுத்தல்."

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் குரல்தான் வந்தது. அவள் நம்பவில்லை. ஆனால் பக்கத்துத் தடங்களைக் குனிந்து பார்த்தவள் முகம் மாறியது.

"குதிகால் தேஞ்சிருக்கு. இது அப்பா செருப்பு. இது... சுண்டுவிரல் மடங்கியிருக்கு. அம்மா கால்!"

இருவரையும் வெளியே கூப்பிட்டாள்.

"ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு வாளி ஊத்துவேன்," என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

"நீங்களுமா? மத்தியானம் நான் ரெண்டு வாளி ஊத்தறேனே!" என்றாள் அம்மா. "நீ?"

"ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி... நானும் ரெண்டு."

"தினமுமா?"

"தினமும்."

அவள் மண்ணுக்குள் விரலை விட்டாள். ஒரே சேறு. அழுகல் நாற்றம் பவுடரைத் தோற்கடித்தது.

"விஷமெல்லாம் இல்ல. நாமதான் மூழ்கடிச்சிருக்கோம்," என்றாள்.

அப்பா அப்போதே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். மண் காயும்வரை யாரும் சொம்பைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டாள் மகள். நாலாம் நாள் பாருங்கள், வானத்துக் குழாய் உடைந்த மாதிரி மழை! மூன்று பேரும் தார்ப்பாயோடு ஓடி வந்து கன்றுக்கு மேல் விரித்துப் பிடித்தார்கள். நாலாவது மூலைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"முதல்ல கையைக் காட்டுங்க, மாமா."

காட்டினேன். சொம்பு இல்லை, குச்சி மட்டும்தான்.

"தவளை இருந்தா இந்த மழைக்கு வீட்டுக்குள்ள நிப்பானா?" என்றாள் அம்மா, திடீரென்று.

"சட்டைப்பை ரெண்டும் குதிச்சிட்டிருக்கும்," என்றார் அப்பா. தோள் குலுங்கியது. சிரிப்பா வேறெதுவுமா, அந்த மழையில் எனக்குத் தெரியவில்லை.

அவள் மட்டும் இலைக்கொத்துகளை எண்ணினாள். பதினொன்று. மழை விட்டதும் மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். அப்படியே என் குச்சியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.