நாலுக்கு ரெண்டுக்கு ஒண்ணு

என் கணவர் நல்லசிவம் மத்திய அரசின் உரத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு யூரியா இறங்கியது, எந்த மாநிலம் எவ்வளவு கேட்டது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு பிடி உரத்தைக் கையால் தொட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரிடம் மதுமதியின் மல்லிகைச் செடி மாட்டிக்கொண்டது.

மதுமதி எங்கள் ஒரே மகள். டெல்லி ஜனக்புரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் உண்டு. தனக்கு நோய் வந்த வருஷம் அவள் அங்கே அந்தச் செடியை நட்டாள். போன கோடையில் அது முதல் முறையாகப் பூத்தபோது அவள் இல்லை. அவள் துணிமணிகளைக் கொடுத்துவிட்டோம். ஃபோனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டோம். அவள் கைப்பட்டதில் உயிரோடு மிச்சம் இருப்பது அந்தச் செடி ஒன்றுதான். அதைப் பார்க்காமல் எனக்குக் காலைக் காப்பி இறங்காது.

இந்த வருஷம் ஏப்ரல் முடிந்தும் மொட்டு விடவில்லை. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நஜஃப்கட் பக்கம் யாரையோ பிடித்து யூரியா ஒரு மூட்டை, டி.ஏ.பி., பொட்டாஷ் என்று கொண்டுவந்து இறக்கினார். ஒரே ஒரு செடிக்கு! கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்து கலந்தார்.

"தழைச்சத்து நாலு, மணிச்சத்து ரெண்டு, சாம்பல் சத்து ஒண்ணு. தேசத்துக்கே இதான் கணக்கு, லீலா. எத்தன ஃபைல்ல எழுதியிருக்கேன்!"

"தேசத்துக்குச் சரிங்க. செடிகிட்ட கேட்டீங்களா?" என்றேன். என் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது?

செடி தளதளவென்று வளர்ந்தது. இலையெல்லாம் கரும்பச்சை. மொட்டுதான் இல்லை. போட்டது போதவில்லை என்று இன்னும் போட்டார். வாரம் தவறாமல் போட்டார். மருத்துவமனையிலும் இப்படித்தான். இந்த மருந்து கேட்கவில்லையா, அடுத்தது. இந்த டாக்டர் கையை விரித்தாரா, வேறொருவர். கடைசியில் மதுமதியே, ஊசி குத்த இடமில்லாத கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "போதும்ப்பா" என்றாள். இவர் காதில் அது விழவேயில்லை. அவள் உயிர் போனபோது இவர் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார்.

ஜூன் மாத வெயிலில் ஒரு மத்தியானம் பின்கதவைத் திறந்தேன். இலைகள் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தன. காலையில் நிமிர்ந்து நின்ற கிளைகள் தொங்கிக் கிடந்தன. மண்மேல் ஏதோ வெள்ளையாகப் பூத்திருந்தது. இவரையும், மாடி வீட்டு சுஜாதாவையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். சுஜாதா பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர்.

அவள் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "என்ன போட்டீங்க அங்கிள்?"

இவர் நாலுக்கு ரெண்டுக்கு ஒண்ணு என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரே அங்கிள், அது நாடு பூரா நெல்லு, கோதுமை எல்லாத்துக்கும் சேர்த்துச் சொல்ற கணக்கு. தழைச்சத்து இலைக்கு. பூக்கிற செடிக்கு அதைக் குறைச்சு, மத்த ரெண்டையும் கொஞ்சம் கூட்டணும். இப்ப அதுகூட விஷயமில்ல. போட்ட அளவு ரொம்ப ஜாஸ்தி. மண்ணு முழுக்க உப்பு. வேர் எரியுது. ஜல்தி தண்ணிய விட்டு அலசுங்க. பொழைச்சா பொழைக்கும்."

நான் ஓடிப்போய்க் குழாயில் ட்யூபை மாட்டினேன். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த வாளியையும் தூக்கிக்கொண்டு திரும்பினால், இவர் டி.ஏ.பி.யையும் பொட்டாஷையும் பிரித்து வைத்துக்கொண்டு செடியருகே குந்தியிருக்கிறார்.

"விகிதம்தான தப்பு? மத்த ரெண்டையும் கூட்டிட்டா சரியாயிரும், லீலா. இன்னும் ஒரே ஒரு தடவ."

"வேர் எரியுதுங்கா சுஜாதா. காதுல விழலியா?"

"கொஞ்சமாத்தான் போடுதேன். சும்மா பாத்துட்டு இருக்கச் சொல்லுதியா? நாம ஒண்ணும் செய்யாம விட்டுட்டோம்னு ஆயிரப்பிடாதுல்லா?"

இதே வார்த்தையை நான் மருத்துவமனை வராந்தாவில் கேட்டிருக்கிறேன். அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. வாளியை வைத்துவிட்டு அவர் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தேன்.

"போதும்ங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பொட்டாஷ் பொட்டலம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"மதுவும் இதத்தான் சொன்னா," என்றார்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, லீலா. அன்னைக்கே கேட்டுச்சு."

சுஜாதா சத்தமில்லாமல் மாடியேறிப் போனாள். நான் ட்யூபை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெள்ளை கரைந்து, செங்கல் வரப்பைத் தாண்டிச் சாக்கடைக்கு ஓடியது. கருகிய இலைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் உதிர்ந்தன. செடி பிழைக்குமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அழுது ஒழுகிய மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், பொழுது சாயும்வரை அவர் வெறும் தண்ணீரை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.