மூலையில் மாமனார்

1

இந்தக் கதை எனக்கு ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. தம்பி வீட்டு ஏணி மாதக்கணக்கில் என் வீட்டில் கிடந்தது. அன்று ஏதோ நல்ல புத்தி வந்து தூக்கிக்கொண்டு போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. சின்ன அறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் மூலைக்குப் போங்க மாமா."

"இதுக்கு மேல போனா சுவத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவேன் மாப்பிள்ளை."

எட்டிப் பார்த்தேன். தம்பியின் மாமனார், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர், நல்ல ஆகிருதி, இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி. தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. தம்பி கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அக்கா, நீ கொஞ்சம் வெளிய போ. நீயும் உறிஞ்சுற."

என்னைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இது புதிது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"ஒலி என்பது காற்றின் நடுக்கம். அது சுவரில் மோதும்போது" (பாடப்புத்தகம். அடித்தாயிற்று.)

"அந்த அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு கனவு, ஒரு" (இதை எழுதியபின் எழுந்து போய்க் கை கழுவினேன்.)

"என் தம்பி ஒரு முட்டாள்." (வரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா படிப்பாள்.)

எனவே நேராகவே சொல்லிவிடுகிறேன். தம்பி காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு மிக்சிங் செய்ய வந்தவன். பாடுகிறவர் குரல், தபலா, கிட்டார் எல்லாம் தனித்தனியாகப் பதிவாகி வரும். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவு பார்த்துக் கலப்பவன். சாம்பாருக்கு உப்புப் பார்ப்பது மாதிரி என்று அவன் மனைவியிடம் ஒருமுறை விளக்கினேன். "அப்ப அந்த உப்பு ஏன் அண்ணி எப்பவும் தூக்கலாவே இருக்கு?" என்றாள்.

தூக்கலாக இருந்தது பேஸ். கீழே கனமாக, வயிற்றில் போய் உட்காரும் அந்தச் சத்தம். அறை சின்னது, கிட்டத்தட்டச் சதுரம். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் பேஸும், பின்சுவரில் முட்டித் திரும்பி வரும் பேஸும், சரியாக அவன் நாற்காலி இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். அவன் காதுக்குப் பேஸே வராது. போதவில்லை என்று நினைத்து ஏற்றுவான். வெளியே கேட்கிறவர்களுக்கு வீடே அதிரும்.

அப்போது அவன் கையில் இருந்த வேலை ஒரு தாலாட்டுத் தொகுப்பு. பாடியவர் ஒரு பல் மருத்துவர். முதல்முறை அனுப்பியதைத் தன் கிளினிக்கில் போட்டுக் கேட்டிருக்கிறார். வாய் கொப்பளிக்கிற டம்ளர் தட்டிலிருந்து நகர்ந்து கீழே விழுந்ததாம்.

"தம்பி, இது தாலாட்டு மாதிரி இல்ல. லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னார்.

யாரோ யோசனை சொன்னார்கள் என்று சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினான். பிறகு மெல்லிய ஃபோம் வாங்கி ஒட்டினான். இரண்டும் கீச்சுச் சத்தத்தை மட்டும் விழுங்கின. பேஸ் அவற்றை மதிக்கவே இல்லை. இரண்டாம் முறை அனுப்பியதைக் கேட்டு டாக்டரின் குழந்தை விழித்துக்கொண்டது. இனி ஒரே ஒரு முறை பார்ப்பேன், சரிவராவிட்டால் வேறு இடம் என்று சொல்லிவிட்டார். அவனுக்கு வந்திருந்த பெரிய வேலையே அது ஒன்றுதான்.

3

(இங்கே ஒரு கதாபாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். அவரை எழுத எனக்குத் தயக்கம். மாமனார் என்றால் வாசகர் உடனே ஒரு மீசையை வரைந்துகொள்கிறார். இவருக்கு மீசை கிடையாது.)

மாமனார் நிரந்தரமாகத் தங்கவே வந்தார். மனைவி போனபின் தனியாக இருந்தவரை மகள்தான் கட்டாயப்படுத்தி அழைத்து வந்தாள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு அறை. எது என்று சொல்ல வேண்டாம்.

அவர் தன்னோடு கொண்டுவந்தது ஒரு பெட்டியும் இரண்டு பஞ்சு மெத்தைகளும். வேலைக்காலம் முழுக்கப் பணிமனையின் மரப்பெஞ்சில் படுத்தவர், ஓய்வுபெற்றதும் முதல் வேலையாக ஊரிலேயே கனமான மெத்தையைத் தைக்கச் சொன்னார். போதவில்லை என்று இன்னொன்றும் தைத்தார். ஏறிப் படுக்க ஒரு முக்காலி தேவைப்பட்டது.

அறைக்குள் நுழைந்து முட்டை அட்டைகளைச் சுற்றிலும் பார்த்தார்.

"கோழி எங்க?" என்றார்.

தம்பிக்கும் அவருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை குறைவு. அலுவலக வேலையை விட்டுவிட்டுக் குமிழ் திருகுகிறவன் என்று அவருக்கு ஒரு குறை. அன்று மாலையே புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள்.

"அப்பா எங்க படுப்பாரு, கூடத்துலயா?"

"நான் எங்க வேலை பாக்கறது, குளியலறையிலயா?"

"பாருங்களேன். அங்க எதிரொலி நல்லா வரும்."

(இந்த வசனத்தை அவள் சொல்லவில்லை என்கிறாள். சொன்னாள் என்று தம்பி சத்தியம் செய்கிறான். நல்ல வசனம் என்பதால் வைத்துக்கொள்கிறேன்.)

கடைசியில் அவள் தீர்ப்புச் சொன்னாள். அவள் பிசியோதெரபிஸ்ட், விட்டுக்கொடுக்காத தசைகளோடு பழகியவள். பகலில் ஸ்டுடியோ, இரவில் படுக்கையறை. காலையில் மெத்தைகளை எழுப்பி மூலையில் நிறுத்த வேண்டும்.

4

மறுநாள் மெத்தைகள் மூலையில் நின்றன. அவற்றில் சாய்ந்தபடி மாமனார் பேப்பர் படித்தார். போகச் சொல்லத் தைரியம் இல்லாமல் தம்பி பாட்டைப் போட்டான்.

பேஸ் கேட்டது.

பாத்திரத்தில் தண்ணீர் ஏறுவது மாதிரி மெதுவாக நிறைந்தது என்று சொன்னான். இத்தனை நாள் தான் எவ்வளவு கொட்டி வைத்திருக்கிறோம் என்பதும் கேட்டது. வெட்கமாக இருந்ததாம். எழுந்து போய் மாமனாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தான்.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது கிழிஞ்சிருக்கா?"

"அசையாதீங்க மாமா. அப்படியே இருங்க."

சத்தம் மூலைகளில்தான் குவியும், அங்கே கனமான பஞ்சு இருந்தால் அதை உறிஞ்சித் தின்னும் என்று அவனுக்குத் தெரியும்.* தெரியாதது, தின்றது எது என்பதுதான். மெத்தையா, மாமாவா? அதற்கான சோதனையின்போதுதான் நான் ஏணியோடு போய்ச் சேர்ந்தேன். அன்று மெத்தையை வெளியே எடுத்துவிட்டு மாமாவைத் தனியாக நிறுத்தியிருந்தான். "வருது" என்று அறிவித்தான். வர வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

* விவரம் தெரிந்த வாசகர்கள் மனித உடலைப் பற்றி எனக்கு எழுதத் தொடங்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

அன்று முதல் மாமனாருக்கு வேலை கிடைத்தது. காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, பேருந்துக்குப் போகிறவர் மாதிரி மூலைக்குப் போய்விடுவார். பேசக் கூடாது என்பது மட்டும் கஷ்டமாக இருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகிய தொண்டை. சில சமயம் தூங்கிப்போவார். குறட்டை பேஸோடு சேர்ந்துகொள்ளும். தம்பி எங்கே தவறு என்று கருவி கருவியாகத் தேடுவான். கருத்துக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "இன்னும் சத்தமா வைங்க."

பூங்காவில் நடக்கிற நண்பர்களிடம், "இப்ப ஒரு ஸ்டுடியோல இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"அங்க என்ன வேலை?"

"உறிஞ்சற வேலை."

5

தம்பி மனைவி இதுவரை எழுதியதைப் படித்துவிட்டாள்.

"அண்ணி, கதையில நான் சண்டை மட்டும்தான் போடறேன்."

"தீர்ப்பும் சொல்றியே."

"இங்க வந்தப்புறம் அப்பா சிரிச்சாருன்னு எழுதுங்க. இவரும் அவரும் சேந்து டீ குடிக்கறாங்க. டீ குடிக்கறப்பவும் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசறதில்ல. ஆனா ஒரே நேரத்துல குடிக்கறாங்க."

எழுதிவிட்டேன்.

6

மூன்றாம் முறை அனுப்பியதற்கு டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. தம்பி நகம் கடித்தான். மாமனார் தன் பங்குக்குச் சாப்பாட்டைக் குறைத்தார். (பிறகு பயந்துபோய்க் கூட்டினார். உடம்பு இளைத்தால் வேலை கெட்டுவிடுமே.) மாலையில் போன் வந்தது.

"குழந்தை தூங்கிடுச்சு தம்பி. நானும் தூங்கிட்டேன். வெளிய நோயாளி உக்காந்திருக்கார், அவரும் தூங்கிட்டார்."

எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் தம்பி என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "அக்கா, மாமா நடக்கப் போனப்ப மெத்தைய மட்டும் வெச்சுக் கேட்டேன்."

"சரி."

"ஒரு வித்தியாசமும் இல்ல. அவர் இருந்தாலும் அதேதான், இல்லாட்டியும் அதேதான்."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

அவன் சொல்லக்கூடியவன். ஒலி விஷயத்தில் அவனுக்குப் பொய் வராது. தன் கல்யாணத்தன்றே பெண்ணின் காதில், "இந்த மண்டபத்துல எதிரொலி ரொம்ப மோசம்" என்று சொன்னவன். அம்மா பாடும்போது சுருதி விலகுகிறது என்று அம்மாவிடமே சொல்லி, இரண்டு நாள் வெளியில் சாப்பிட்டவன்.

"இன்னும் இல்ல" என்றான்.

அதே வாரம் மாமனாரின் மகன் கூப்பிட்டார். பெரிய அறை காலியாக இருக்கிறது, கட்டிலும் புதிது, வந்துவிடுங்கள் என்று. மாமனார் யோசித்தார். மகளுக்கு எதற்குத் தொந்தரவு என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, பெட்டியை அடுக்கி, காலணி மாட்ட உட்கார்ந்தார். ஒரு காலில் மாட்டியும் ஆயிற்று.

"மெத்தை இங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை. அங்க கட்டில் இருக்கு. உங்களுக்கு மெத்தை போதும்ல?"

மகள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"போதாது மாமா."

"என்ன போதாது?"

"மெத்தை மட்டும் இருந்தா கீழ பேஸ்ல ஒரு பள்ளம் விழுது. நீங்க உக்காந்தாத்தான் அது ரொம்புது."

மாமனார் கொஞ்ச நேரம் அந்தக் காலணியையே பார்த்தார். பிறகு கழற்றி வைத்தார்.

"அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? பெட்டியெல்லாம் அடுக்கிட்டேனே" என்றார்.

7

முடிவில் ஒரு சிக்கல். அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

ஒரு முடிவு: தெரியும். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்பவர்களின் முகத்தை ஆயுள் முழுக்கப் பார்த்தவர். தரையைப் பார்த்துக்கொண்டு பேசிய மாப்பிள்ளையை அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் காலணியைக் கழற்றினார்.

இன்னொன்று: தெரியாது. பூங்காவில் இப்போது, "நான் இல்லாட்டி அங்க பள்ளம் விழுதாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறதாம்.

எதை வைத்துக்கொள்வது என்று உங்களிடமே விட்டுவிடுகிறேன். என்னால் முடியாது. தம்பி மனைவி ஒன்றைச் சொல்கிறாள், தம்பி வேறொன்றைச் சொல்கிறான், அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு வேறு கவலை. நான் எழுதுவது அச்சானால் அவர் படிப்பார். நல்லவேளை, எதையும் பின்னாலிருந்து படிக்கிற பழக்கம். கடைசிப் பத்தி பிடித்துவிட்டால் முன்பக்கம் போகமாட்டார். ஆகவே அடுத்த பத்தியை அவருக்காக எழுதுகிறேன். நீங்கள் ஆறாம் பகுதியைப் படித்தவர்கள். எங்கேயாவது அவரைப் பார்த்தால் வாயைத் திறக்காதீர்கள்.

மாமா, கதை நல்லபடியாக முடிந்தது. அறையில் பேஸ் ஒழுங்காகக் கேட்க வேண்டுமானால் மூலையில் மெத்தை மட்டும் போதாது, ஓர் ஆளும் வேண்டும். கனமான ஆளாக, சொந்தக்காரராக இருந்தால் இன்னும் விசேஷம். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். முன்பக்கங்களில் எழுத்துப்பிழை நிறைய, புரட்ட வேண்டாம். டீ ஆறுகிறது, குடித்துவிட்டு உங்கள் இடத்தில் போய் உட்காருங்கள். அவன் இன்னும் பாட்டைப் போடாமல் உங்களுக்காகக் காத்திருக்கிறான்.