பெட்டியில் சுடாத பலகை

ஷென்ஜெனின் ஷாஜிங் பகுதியில், நான்காம் மாடியில் இயங்கிய அந்தச் சிறு தொழிற்சாலைக்கு, நிங் யூஷான் வரைந்த மின்பலகைகளில் நாற்பது திரும்பி வந்திருந்தன. வாத்து முட்டை பொரிக்கும் பெட்டியின் சூட்டையும் ஈரத்தையும் ஆள்பவை அவை. நாற்பதிலும் ஒரே காயம்: ஒன்பது வோல்ட்டை இறக்கிச் சிப்புக்கு ஊட்டும் ரெகுலேட்டரைச் சுற்றிப் பலகையின் பச்சைப் பூச்சு பழுப்பேறிக் கிடந்தது.

நிர்வாகி லியாவ் ஒரு காகிதத்தை அவள் மேசையில் வைத்தார். காரணம் ஏற்கெனவே அச்சடிக்கப்பட்டிருந்தது: வடிவமைப்புக் குறை.

"இந்தப் பலகைங்கள வாங்கின லுவோ அம்மா ரெண்டு மணிக்கு வர்றாங்க. குஞ்செல்லாம் முட்டைக்குள்ளேயே போச்சாம். அதுக்குள்ள ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"என் படத்துல குறை இல்ல, முதலாளி."

"இருக்குன்னு நானா சொன்னேன்? காகிதம்தான் சொல்லுது."

குறை தன்னுடையதென்று கையெழுத்திட்டவரிடம் அடுத்த பலகையை வரையக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. அவளுக்கு முன்பு வரைந்தவர் இப்போது அட்டைப்பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தார்.

"காரணத்தக் கண்டுபிடிச்சிட்டுப் போடறேன்" என்றாள்.

அன்று அனுப்புவதற்கென அதே தொகுதிப் பலகைகள் முந்நூறு கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதனைப் பெட்டியில் பொருத்தினாள். பெட்டியின் ஊசிகள் பலகையைக் கவ்வ, தேறியது என்று விளக்கு பச்சையாக எரிந்தது. ரெகுலேட்டர்மீது விரல் வைத்தாள். வெதுவெதுப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஐந்தும் அப்படியே.

கொள்முதலைக் கவனிக்கும் ஹௌ பிங், லியாவின் மைத்துனன், சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வாங்கின சரக்கு தங்கம், இன்ஜினியரம்மா. வாத்துக் குஞ்சுங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுக் கையெழுத்தப் போட்டுடுங்க."

"தங்கம் கருகாது, அண்ணா."

பன்னிரண்டரைக்கு விளக்குகள் அணைந்தன. மடக்குக் கட்டில்கள் மேசைகளுக்கு அடியிலிருந்து வெளிவந்தன. சோற்றுக்குப் பின் இரண்டு மணிவரை உறக்கம். அதுவரை மேசை மின்சாரத்தை யாரும் போடக் கூடாது. லியாவே அந்நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார். நிங்கின் சோற்றுப் பொட்டலத்தில் வறுத்த வாத்து இருந்தது. அதை ஓரமாகத் தள்ளினாள்.

மேசையில் மின்சாரமில்லை, ஆகவே சோதனைப் பெட்டியுமில்லை. உறக்க நேரத்திலும் உயிரோடிருப்பது, கதவோரத்தில் எல்லாருடைய கைபேசிகளும் தொங்கும் மின்துளை வரிசை ஒன்றே. வாடிக்கையாளருக்கு அனுப்பும் சாதாரண அடாப்டர் ஒன்றை அங்கே செருகி, பலகையை அதில் மாட்டி, தரையில் அமர்ந்தாள். ஒரு நிமிடம் கழித்து ரெகுலேட்டரைத் தொட்டவள், விரலை வெடுக்கென்று இழுத்து, சூடு தணியக் காதுமடலைப் பிடித்துக்கொண்டாள்.

அதே பலகை. இல்லாதது பெட்டி மட்டும்.

எழுந்து போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தாள். ரெகுலேட்டரின் வெளிவழியைக் கவ்வும் ஊசிகளின் குறுக்கே சுண்டுவிரல் நுனியளவு மின்தேக்கி ஒன்று நின்றது. நீளக் கம்பிகளால் அளவுகள் நடுங்குகின்றன என்று போன ஆண்டு அவளே பற்றவைத்தது. பிறகு உருப்பெருக்கியைப் பலகைமீது பிடித்தாள். ரெகுலேட்டரின் முதுகிலிருந்த எழுத்துகள் அவள் பட்டியலில் எழுதியவை அல்ல. அதே உருவம், அதே கால்கள், வேறு இனம். அவள் கேட்டிருந்த இனம் கடுகளவு மின்தேக்கியோடு நிறைவடையும். இதற்கோ வெளிவழியில் பெரியது வேண்டும். இல்லையேல் நிலைகொள்ளாமல் அலைந்து, தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். பலகையில் இல்லாததைப் பெட்டி இத்தனை நாளும் ஊட்டி வந்திருக்கிறது. குற்றத்தில் பாதி அவள் கைவேலை. 

பின்பு மேசை மின்சாரத்தைப் போட்டு, அடாப்டரில் மாட்டிய பலகையை அலைகாட்டியோடு இணைத்தாள். அலைகாட்டியின் விசிறி இரைந்தது. பச்சை ஒளி கட்டில்கள்மீது விழுந்தது.

"யாரது? மனுஷங்க தூங்க வேண்டாமா?" என்றது ஒரு போர்வை.

"நிங், அணைச்சிடு" என்றான் ஹௌ பிங்.

"உங்க சரக்கே தூங்காம ஆடிக்கிட்டிருக்கு, அண்ணா. வந்து பாருங்க."

திரையில், நேராக ஓட வேண்டிய கோடு சீப்பின் பற்களாகத் துடித்தது. புதிய மின்தேக்கி ஒன்றை இடுக்கியால் பலகையில் ரெகுலேட்டரின் வெளிவழிமீது அழுத்தினாள். கோடு படுத்துக்கொண்டது.

லியாவ் வெறுங்காலோடு வந்து நின்றார். ஒரு சரக்குக்குப் பதில் வேறொன்று வாங்கும்போது எழுதும் தாளை எடுத்து வரச் சொன்னாள் நிங். அதில் ஹௌ பிங்கின் முத்திரை இருந்தது. வரைந்தவர் ஒப்பமிட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"அந்தச் சரக்கு கிடைக்கல. இதுவும் அதேதான்னு கடைக்காரன் சொன்னான்" என்றான் ஹௌ பிங்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இரண்டு மணிக்கு விளக்குகள் எரிந்தன. லுவோ அம்மா உள்ளே வந்தார். நிங் அச்சிட்ட வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: 'வரைந்தவரைக் கேட்காமல் ரெகுலேட்டர் மாற்றப்பட்டது. வரைந்தவர் செய்த சோதனைப் பெட்டி அக்கோளாறை மறைத்தது.' கையெழுத்திட்டாள்.

லியாவ் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது வரி மட்டும் போதுமே. அதான் நீயே ஒத்துக்கிட்டியே."

"ரெண்டும் இருந்தாத்தான் அது என் கையெழுத்து. ஒண்ண அடிச்சா என் பேரையும் சேர்த்து அடிச்சிடுங்க, முதலாளி."

லுவோ அம்மாவிடம் ரெகுலேட்டர்மீது விரல் வைக்கச் சொல்லி, மின்தேக்கியை அழுத்திய இடுக்கியை அசையாமல் பிடித்தாள். அவர் உதட்டை அசைத்து முப்பது வரை எண்ணினார்.

"சுடல" என்றார். மறு கையால் காகிதத்தை மடித்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதை எடுக்க நீண்ட லியாவின் கை பாதிவழியில் நின்றது. "அந்த மூலையில கட்டி வெச்சிருக்கிறது எந்தப் பெட்டியில பாஸ் ஆச்சு?"



"இதுலதான்" என்ற நிங், வெட்டுக்குறடை எடுத்துச் சோதனைப் பெட்டிக்குள் மின்தேக்கியின் காலருகே நுழைத்தாள்.

"அத வெட்டினா இன்னிக்கி ஒரு போர்டும் பாஸ் ஆகாது" என்றார் லியாவ்.

"ஆகாது" என்றாள், வெட்டினாள். "அண்ணா, முதல் அட்டைப்பெட்டிய இங்க கொண்டாங்க."