கண்ணைக் கட்டிக் காட்டில்

எங்கள் ஊரில் கூடை நிறையக் காளானோடு வருகிறவரிடம் "எங்க கெடச்சுது?" என்று கேட்டால், "காட்டுல" என்பார். அதற்கு மேல் பெற்ற மகளிடம்கூட மூச்சு விட மாட்டார். லிதுவேனியாவின் தென்கோடியில் இந்தப் பைன் காட்டு ஊர்களில், சாகும்போதும் தன் இடத்தைச் சொல்லாமல் போனவர்கள்தான் அதிகம்.

நானும் காளான் பறிக்கிறவள்தான். ஆனால் என் உயிர், சட்டிக்கு ஆகாத காளான்களைப் படம் எடுப்பதில் இருக்கிறது. இலையுதிர்காலச் சந்தையில் என் படங்களுக்கு ஒரு சுவர் தருவார்கள். நீலம், ரத்தச் சிவப்பு, மஞ்சள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. பவளம் போலக் கிளைவிடும் ஊதாக் காளான் மட்டும் கிடைக்கவில்லை. அதற்காக நான் அலையாத அலைச்சல் இல்லை. இந்த ஆண்டு நல்ல மழை. நானோ காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

பார்க்க வந்த நாத்தனார் யாத்விகா உட்காரும் முன்பே ஆரம்பித்தாள்.

"நியோலே, உன் ஊதாச் சனியன் என் எடத்துல மொளைச்சிருக்குடி. காலால தள்ளப் போனேன், உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு."

"என்னைக் கூட்டிட்டுப் போங்கக்கா!"

"என் எடத்துக்கா? நான் செத்தப்புறம் பாக்கலாம்."

கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வருவதானால் சரி என்றாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல என்பார்கள். எனக்கு அது நிஜமாகவே நடந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள், காட்டோரத்தில் தன் தலைத்துணியை என் கண்ணில் இறுக்கிக் கட்டி, பம்பரம் மாதிரி சுற்றிவிட்டாள். பிறகு கையைப் பிடித்து வளைத்து வளைத்து நடத்தினாள். கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி ஓரிடத்திலும் தடுக்காமல் நடந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

துணியை அவிழ்த்தாள். பாசிக்கு நடுவில் ஊதா! விரல் நீளம்கூட இல்லை. சந்தோஷத்தில் அப்படியே மண்டியிட்டேன். அப்புறம்தான் பின்னால் இருந்த கருகிய ஓக் அடிமரத்தைப் பார்த்தேன். அது என் அடிமரம். வருஷா வருஷம் நான் யாருக்கும் தெரியாமல் வந்து கூடை நிரப்பும் இடம்.

"இங்க ஒரு திருடி வர்றாடி," என்றாள் யாத்விகா. "எனக்கு முந்தி அறுத்துட்டுப் போயிடறா. மரியாதை தெரிஞ்சவ, அறுத்த எடத்தைப் பாசியால மூடிடறா."

"அப்படியாக்கா?" என்றேன். எனக்கு முந்தி அறுத்துவிட்டுப் போகிறாளென்று நான் இத்தனை காலம் சபித்த திருடி இவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தால் இடமும் போகும், படமும் போகும். குப்புறப் படுத்துப் படம் எடுத்தேன்.

முடித்ததும் எழுந்து கண்ணை மூடி, நல்ல பிள்ளையாக முகத்தை நீட்டினேன். துணி வரவில்லை.

"இனி எதுக்குடி அது? வர்ற வழியில மரம் ஒண்ணு விழுந்து கெடந்துச்சே, நான் சொல்றதுக்கு முன்னாடியே காலைத் தூக்கித் தாண்டினியே, திருடி!"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "நீங்க மட்டும் யோக்கியமாக்கா?" என்று கத்தினேன்.

"கத்தாதடி. மூணாவது ஆளுக்குக் கேட்டுடப்போவுது."

எடுத்த படங்களில் மிக அழகானதில் அந்த அடிமரம் பளிச்சென்று விழுந்திருந்தது. வயிறெரிய அதை அழித்தேன். சந்தையில் மாட்டியது காளானும் பாசியும் மட்டும் தெரிந்த படம். யாத்விகா காலையிலிருந்து அதன் பக்கத்திலேயே காவல் நின்றாள். மருந்துக் கடைக்காரர் வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அடேங்கப்பா! இது எங்கேம்மா கெடச்சுது?"

"காட்டுல," என்றோம் இருவரும், ஒரே குரலில்.