எழுபது முப்பது

மூன்று தாளும் பாழ். படத்தில் இருந்த வெல்டரின் முகம், மூன்றிலும் அடுப்புக்குள் தலையை விட்டு எடுத்தவர் மாதிரி வந்திருந்தது. கன்னத்தில் தீப்பொறித் தழும்புகள் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு.

அவள் பிரின்டரை நிறுத்தினாள். வீட்டில் அவளுக்கு மைக்காரி என்று பெயர். கணவன் வைத்தது. "மை போட்டுப் பார்த்து என் சாவி எங்கன்னு சொல்லேன்" என்பது பன்னிரண்டு வருடமாகச் சலிக்காமல் அவன் சொல்லும் ஒரே நகைச்சுவை. கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட, கரியில் செய்த மையைத்தான் அவள் பயன்படுத்துவாள். ஒரு கெட்டிக் கறுப்பு. அதையே நிறமில்லாத கரைசல் சேர்த்து நீர்க்க வைத்த மூன்று சாம்பல் நிற மைகள். நான்கும் சரியாக இருந்தால்தான் முகத்தில் மேடு பள்ளம் தெரியும்.

இந்த முறை சாம்பல்களைக் கலந்தது நாத்தனார்.

நாத்தனார் முப்பது வருடம் மருந்துக் கடையில் இருந்தவர். கடை மூடிய பிறகு மகன் வீட்டுக்குப் போக மனமில்லாமல் இங்கே வந்தார். "அங்க போய் டிவி ரிமோட்டுக்குக் கெஞ்சிக்கிட்டு உக்கார என்னால ஆகாது. ஒரு மாசம் உங்க வேலையில கூட இருக்கேன். சரிப்படலன்னா நானே பெட்டியக் கட்டுறேன்" என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். இன்றோடு மாதம் முடிகிறது. மதியம் சாப்பிட வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று தம்பி காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். முடிவு மைக்காரியின் வாயில் இருந்தது.

அந்த அறையில் அவள் யாரோடும் பேச வேண்டியிருந்ததில்லை. நாத்தனாரோ வேலை செய்யும்போது பாடுவார். ஒரு மாதமாக, தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தது மைக்காரிக்கு இப்போதுதான் உறைத்தது.

"என்னம்மா, மனுஷன் மூஞ்சியையே காணோம்?" தாளைப் பார்த்தபடி நாத்தனார் கேட்டார்.

"நடுச் சாம்பல எப்படிக் கலந்தீங்கக்கா?"

"நீ எழுதி ஒட்டியிருக்கிற மாதிரிதான். எழுபது முப்பது. தராசுல வச்சு, சொட்டு பிசகாம. கரி எழுபது, கரைசல் முப்பது."

"இல்லக்கா, கரிதான் முப்பது."

"எங்க போட்டிருக்க?" நாத்தனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரருகே போனார். "மருந்ததானே முதல்ல எழுதுவாங்க? அப்புறந்தானே தண்ணி?"

கரைசலை முதலில் ஊற்றிவிட்டு மேலே கரியை விட்டால்தான் நுரைக்காது. ஊற்றும் வரிசையிலேயே வெறும் எண்களை எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளைப் படிக்க வேறு ஆளே இருந்ததில்லை. பாட்டிலில் பார்த்தால் எந்தக் கலவையும் கறுப்புதான்.

"தப்பு என்மேலதான்" என்றார் நாத்தனார். "வாய் மட்டும் எட்டு முழம். கேக்க வேண்டியதக் கேக்கல."

புது பாட்டில் என்றால் முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதிப்பது மைக்காரியின் வழக்கம். இன்று சோதிக்கவில்லை. நம்பித்தான் விட்டோமா, இல்லை அவர் பிசகட்டும் என்று விட்டோமா என்று தனக்குள் தேடினாள். கிடைத்த பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன, ரெண்டு பேரும் இஞ்சி தின்ன மாதிரி நிக்கிறீங்க?" என்றபடி கணவன் வந்தான். "சொல்லு, அக்காவுக்கு இந்த வேலை ஒத்து வருமா?"

"நானே சொல்லிடறேன்டா. மூணு தாள..."

"நான்தான் பாழாக்கினேன்" என்றாள் மைக்காரி. "குறிப்ப அரைகுறையா எழுதினதும் நான், சோதிச்சுப் பாக்காததும் நான். அக்கா கைக்கணக்கு சுத்தம். இங்கயே இருக்கட்டும்."

நாத்தனார் அவளை உற்றுப் பார்த்தார். "மனசோடதான் சொல்றியா?"

"முழு மனசோடன்னு பொய் சொல்ல மாட்டேன். பாட்ட நிறுத்தினீங்கன்னா நல்லாருக்கும்."

"நிறுத்திடறேன். முணுமுணுப்புக்கு உத்தரவாதம் இல்ல."

கணவன் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனான். மைக்காரிக்கு நிம்மதி வரவில்லை, வருத்தமும் வரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, அவளுடையது. இந்த ஒரு மாதமும் நாத்தனார் நின்றுகொண்டேதான் வேலை செய்திருக்கிறார்.