இரண்டு ஜோடியும் ஒரு ஜோக்கரும்

இரண்டு ஜோடி பெரிதா, ஒரே எண்ணில் மூன்று பெரிதா? லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூன்று வாரமாக இது பிடிபடவில்லை.

போக்கரில் ஒரு கை என்பது ஐந்து சீட்டு. எது அரிதாக வருமோ அது பெரிது. சாதாரணக் கட்டில் ஒரே எண்ணில் மூன்று வருவதுதான் அரிது. ஆனால் அவர் வீட்டு ஞாயிறு ஆட்டத்தில் இரண்டுகள் எல்லாம் ஜோக்கர். பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண் காட்டும் ஜாக்கியும் ஜோக்கர். ராணி திறந்து விழுந்தால் அதற்கடுத்த சீட்டும் ஜோக்கர். எல்லாம் அவர் கொண்டுவந்த விதிகள். ஒரு ஜோடியும் ஒரு ஜோக்கரும் வைத்திருப்பவன் அதை மூன்றாகத்தான் ஆக்கிக்கொள்வான், அது பெரிது என்பதால். ஆகவே மூன்று மலிந்து, இரண்டு ஜோடி அரிதாகிவிட்டது. சரி என்று இரண்டு ஜோடியைப் பெரிதாக்கினார். உடனே எல்லோரும் ஜோக்கரை அந்தப் பக்கம் திருப்பினார்கள். இப்போது இரண்டு ஜோடி மலிந்தது.

இந்தக் கோளாறை முதலில் கவனித்தவர் நண்பர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மேஜையில் மற்ற இருவர் மனைவியும் அவள் தம்பியும். பந்தயம் சட்டைப் பொத்தான்கள். ஒரு கை முடிய இருபது நிமிடம் ஆனால், அதில் பதினைந்து சச்சரவு. அடுத்த ஞாயிற்றுக்குள் இது சரியாகாவிட்டால் ஆட்டத்தைத் தன் வீட்டுக்கே மாற்றிவிடுவதாக மச்சினன் சொன்னான். அங்கே ஜோக்கரே கிடையாது. ஜோக்கர் இல்லாமல் மெக்கானிக் ஜெயித்ததும் கிடையாது. நல்ல சீட்டு வந்தால் அவர் காது சிவந்துவிடும்.

"நீங்க தோத்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு விதி இருக்கு மாமா," என்றான்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டாடத்தான் உக்காந்தோம், பரீட்சை எழுத இல்ல," என்றாள்.

அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளைகளில், மொட்டைமாடி மோட்டார் அறைத் தரையில் தனக்குத்தானே சீட்டுப் போட்டுக் குறித்துக்கொண்டார். நானூறு கை போட்டபின் புரிந்தது. எது பெரிது என்ற வரிசையில் பிழையில்லை. ஜோக்கர் எந்தச் சீட்டாக வேண்டும் என்பதை வைத்திருப்பவன் தன் வசதிக்குத் தேர்ந்தெடுக்கிறான், பிழை அங்கே இருக்கிறது. இரண்டு, ஜாக்கி, ராணி விதிகளை ஒவ்வொன்றாக அடித்தார். மனம் வரவில்லை, ஆனாலும் அடித்தார்.

ஞாயிறு காலையிலேயே மனைவி தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள், மேஜையை ஒழித்துவைக்க வேண்டுமாம். நான்கு மணிக்கு இவர் போனபோது ஆட்டம் சூடு பிடித்திருந்தது. நான்காவது நாற்காலியில் மேல்வீட்டு நர்ஸ். அவள் முன்னால் பொத்தான் குவியல். ஒரு கை இரண்டே நிமிடத்தில் முடிந்தது, எல்லோரும் சிரித்தார்கள்.

"வாங்க மாமா. யாராவது வரலன்னா உங்களைச் சேத்துக்கறோம்," என்றான் மச்சினன்.

மனைவி சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைக்காரர்தான் மரியாதைக்கு, தன் சீட்டை அடுக்கியபடியே, கண்டுபிடித்தாயிற்றா என்று கேட்டார்.

மெக்கானிக் வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"ஒரே ஒரு ஜோக்கர் போதும். அது ஏஸ் மட்டும்தான், வேற எதுவாவும் ஆகாது. கட்டுல நாலு ஏஸுக்குப் பதிலா அஞ்சு, அவ்வளவுதான். தேர்ந்தெடுக்க ஒண்ணும் இல்ல. அதனால மூணு பழையபடி அரிது, ரெண்டு ஜோடி அதுக்குக் கீழ."